மூன்றாம் ஓலை

டிசம்பர் 19, வெள்ளி. டெல்லி

நாளைக் காலை ரயில். தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஹீட்டருக்கு முன்னால் வைத்து அரை மணி நேரம் கெஞ்சினால்தான் ஒரு சொட்டு இறங்குகிறது. அப்படி ஒரு குளிர். நானும் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருகப் பார்த்தேன். மகள் பியூலா வந்து பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கோட்டு தைத்து வந்துவிட்டது. அளவெடுத்த அன்றைக்கு, "மகளுக்குக் கல்யாணமா சார்?" என்று இந்தியில் கேட்டார் தையல்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், முன்பக்கம் காலியான தலையோடு நின்றுகொண்டு, "மாப்பிள்ளையே நான்தானய்யா" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அவரும் பெண்ணின் தகப்பன் விருந்தில் நன்றாகச் சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டு இடுப்பில் தாராளமாக விட்டுத் தைத்திருக்கிறார். பொய் சொன்னதற்குத் தண்டனை, தொளதொளவென்று தொங்குகிறது.

இருபத்தொன்பதாம் தேதி கிருபாபுரம் கோயிலில் கல்யாணம். பெண் ரோஸ்லின் டீச்சர், வயது நாற்பத்தாறு, அவளுக்கு முதல் கல்யாணம். எனக்கு இரண்டாவது. மனைவி ஹெப்சி போய்ச் சேர்ந்து நாலாவது கிறிஸ்துமஸ் வருகிறது. ஏற்பாடெல்லாம் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா ஜெபராணி. அவள் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் நான் உட்பட யாரும் குறுக்கே நிற்க முடியாது.

இந்தச் செய்தி ஆபீசுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், இங்கே தமிழ்ச் சபை முழுவதற்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்றே. பக்கத்து வீட்டுச் சர்மாஜியிடம் இதை விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று வாரம் கோயிலில் வாசிப்பார்கள். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று குருவானவர் சபையைக் கேட்பார்." சர்மாஜி அரண்டு போனார். "எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் ஒரு கல்யாணமும் நடக்காதே!"

இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பெண்ணின் ஊர்க் கோயிலில் வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. அதோடு முடிந்தது.

ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் பியூலாவுக்குத் தலைவலி, கோயிலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை ஆனால் தானாகச் சரியாகிவிடுகிறது. ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவளிடம் விஷயத்தை அக்காதான் போனில் சொன்னாள். "சரி அத்தை" என்றாளாம். சுமுகமாக முடிந்தது. இருபத்து நான்கு வயதுப் பிள்ளையிடம் தகப்பன்காரன் இதையெல்லாம் எந்த வாயால் பேசுவது?

டிசம்பர் 20, சனி. ரயில் நிலையம்

விடியற்காலையில் வந்து சேர்ந்தோம். ரயில் வரவில்லை. மூடுபனி. மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு ஆறு மணி நேரம் என்றார்கள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனாகச் சொல்கிறது. இவ்வளவு இனிமையாக மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பெண்ணோடு யாரும் சண்டைக்குப் போக முடியாது.

பிளாட்பாரத்தில் ஆள் அடையாளமே தெரியவில்லை. எல்லாரும் கம்பளி மூட்டைகள். நான் குரங்குக் குல்லாய் போட்டிருக்கிறேன். டீக்கடைக்காரன் என்னை "மாதாஜி" என்றான். பியூலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. சிரித்திருந்தால் நல்லது.

பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் தமயந்தி, ஊர் மதுரை. குர்கானில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். ரயிலில் எங்கள் பெட்டிதான், எங்களுக்கு எதிர் இருக்கைதான். கூடவே வீட்டுக்காரர். அவர் பிளாட்பாரத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்குட்டுப் போறீக தம்பி?"

"திருநெல்வேலிக்குத்தான்க்கா. வீட்ல ஒரு கல்யாணம்."

"அப்டியா! யாருக்கு? பாப்பாவுக்கா?"

"இல்ல, இல்ல. தம்பி மகனுக்கு."

எனக்குத் தம்பியே கிடையாது. வாயில் வந்துவிட்டது. அதோடு விட்டாரா? மாப்பிள்ளை என்ன வேலை, எத்தனை உயரம், குணம் எப்படி என்று ஒவ்வொன்றாக உருவினார். மத்திய அரசு வேலை என்றேன். கொஞ்சம் வழுக்கை, மற்றபடி தங்கமான பையன் என்றேன். பொண்ணு டீச்சர், கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள் என்றேன்.

"பையனுக்கு வயசென்ன?"

"கொஞ்சம் முத்தினதுதான்க்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆம்பளைக்கு என்ன. பையனோட அம்மா நல்ல டைப்பா? டீச்சர் பொண்ணுண்டா மாமியாக்காரிகிட்ட மாட்டிக்கிரும்ல?"

"அம்மா காலமாயிட்டாங்க."

"அய்யோ பாவம், அம்மா இல்லாத பையனா!" என்று அந்தம்மாள் உச்சுக் கொட்டி எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். பியூலா கையிலிருந்த புத்தகத்தை விரித்து முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் ரயில் வந்தது. ஏதோ காணாமல் போன சொந்தக்காரர் வந்த மாதிரி ஜனம் கைதட்டியது.

டிசம்பர் 21, ஞாயிறு. ஆக்ராவைத் தாண்டி, எங்கே என்று தெரியாத இடம்

ரயில் நின்றுகொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, ஈரமான பஞ்சை அடைத்து வைத்தது போல் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜெயசிங் மச்சானிடமிருந்து போன் வந்தது. ரோஸ்லினின் அண்ணன். கிருபாபுரம் சபைக் கமிட்டியில் பெரிய ஆள். மகா நேர்மையானவர். பிரசங்கத்தின்போது தன் சொந்த மனைவி தூங்கினாள் என்று ஐயரிடம் போய்ச் சொன்னவர். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த விஷயத்தைச் சர்மாஜியிடம் சொல்லவில்லை, அவர் தாங்க மாட்டார்.)

"மாப்பிள்ளை, கோயிலுக்குள்ள இருக்கேன். ஐயர் மூணாம் ஓலை வாசிக்கப் போறாவ. நீங்களும் கேட்டுக்கிடுங்க. போனைப் பாக்கெட்டுல வச்சிக்கிடுதேன்."

நான் காதில் வைத்து ரகசியமாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். கையுறையோடு தொட்டதில் எது அமுங்கித் தொலைத்ததோ, ஐயரின் குரல் பெட்டி முழுவதும் கணீரென்று ஒலித்தது.

"டெல்லி தமிழ்ச் சபையைச் சேர்ந்தவரும், மனைவியை இழந்தவருமான ஞானசிகாமணி என்பவருக்கும், இச்சபையைச் சேர்ந்த கன்னிகையான ரோஸ்லின் புஷ்பம் என்பவருக்கும்…"

போனை அமுக்கினேன், கவிழ்த்தேன், தொடைக்கு அடியில் வைத்தேன். தொடைக்கு அடியிலிருந்தும் ஐயர் தெளிவாகவே பேசினார். தமயந்தி அக்கா உரித்துக்கொண்டிருந்த கடலையை அப்படியே மடியில் போட்டார்.

"ஞானசிகாமணியா? டிக்கெட் பாக்க வந்தவரு உங்களத்தான அப்டிக் கூப்ட்டாரு?"

நான் ஜன்னல் வழியாக மூடுபனியை ரசித்தேன்.

"ஆத்தி! அப்ப அந்த வழுக்கத்தல மாப்பிள்ள நீங்கதானா?"

அக்கம்பக்கத்து இருக்கைகளிலும் தமிழ்க்காரர்கள்தான். சிரிப்பு ரயில் எஞ்சின் வரை போயிருக்கும். மேல் பர்த்திலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, அக்காவின் வீட்டுக்காரர். அவையும் குலுங்கின. அதற்குள் ஐயர் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார்.

"…இவர்கள் விவாகத்தால் இணைக்கப்படுவதற்குத் தடை ஏதும் உண்டென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், இப்போதே தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை."

கோயிலில் அமைதி. தமயந்தி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "ஏப்பா, இங்கன யாருக்காச்சும் தடை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க" என்றார்.

"எனக்கு இருக்கு."

பக்கவாட்டு மேல் பர்த்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பியூலா சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னாள்.

தொடைக்கு அடியிலிருந்து ஜெயசிங் மச்சான், "யாரு? யாரு அது? மாப்பிள்ளை, யாரு பேசுனது?" என்றார். அந்த நேரம் பார்த்து ரயில் ஓர் உலுக்கு உலுக்கி நகர்ந்தது. சிக்னல் போயிற்று.

மேலே அந்த இரண்டு பாதங்களும் மெதுவாகப் போர்வைக்குள் போய்விட்டன. பிரெட் ஆம்லெட்காரன் வந்தான். இரண்டு வாங்கினேன். பியூலா வேண்டாம் என்றாள். அவளுடையதையும் நானே தின்றேன். வாயில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால் பேச வேண்டியதில்லை.

அதே நாள், மாலை. ஜான்சி

சிக்னல் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"மாப்பிள்ளை, நான் ஐயர்ட்ட சொல்லிட்டேன்."

"எத மச்சான்?"

"தடை வந்தத."

"அது ரயில்ல ஏதோ விளையாட்டுக்கு…"

"ஓலை வாசிச்சப்ப கேட்ட கேள்விக்கு வந்த பதில்லா அது? ரயில்லருந்து வந்தா என்ன, ரோட்டுலருந்து வந்தா என்ன. என் காதுல விழுந்திருச்சு. மறைச்சேன்னா நாளைக்கு ஆண்டவர் என்கிட்டல்லா கேப்பாரு?"

"மச்சான், உங்க தங்கச்சி கல்யாணம் அது!"

"அதுனாலதான் ஓடிப்போய்ச் சொன்னேன். வேண்டியவங்கன்னு மூடிட்டான்னு ஒரு சொல் வந்திரக் கூடாது பாருங்க."

உலகத்தில் எத்தனையோ குடும்பங்களில் அயோக்கியர்கள் மச்சானாக வாய்க்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஐயர் சொன்னது இதுதான். தடை சொன்னவர் நேரில் வந்து என்ன தடை என்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது கோயிலை ஒட்டி அவர் அங்கி மாற்றும் அறையில், கேட்பார். அதுவரை கல்யாணம் நிச்சயம் இல்லை. பிள்ளையை யாரும் வற்புறுத்தக் கூடாது, குறிப்பாக அவள் அப்பா.

பியூலாவிடம் இதைச் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

டிசம்பர் 22, திங்கள். நாக்பூர்

ஆரஞ்சு வாங்கினேன். புளிப்பு.

அதே நாள், மதியத்துக்கு மேல்

தமயந்தி அக்கா என்னைக் கதவுப் பக்கம் கூப்பிட்டுப் போனார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவருக்கு எண்ணம்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம்ண்டு கேட்டீகளா?"

"அக்கா போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க."

"உங்க அக்கா என்ன சொன்னாகண்டு நான் கேக்கல. நீங்க கேட்டீகளா?"

"அவளுக்கே எல்லாம் தெரியும்க்கா. படிச்ச பிள்ளை."

"ஏந்தம்பி, முன்னப் பின்ன தெரியாத என்கிட்ட ஒரு நாள் முழுக்க உக்காந்து மாப்பிள்ளயப் பத்தி அத்தனை கதை விட்டீகளே. பெத்த பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்க வாய் வரலையா?" கழிவறை காலியாகிவிட்டது, உள்ளே போய்விட்டார்.

சரி, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பியூலா வாஷ்பேசின் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். (ரயிலில் அவள் மூன்று வேளை பல் விளக்குவாள். அவள் அம்மாவின் வழக்கம்.) கண்ணாடியில் என் முகமும் அவள் முகமும் தெரிந்தன. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"பியூலா."

"ம்?"

"இந்தக் குல்லாய் எனக்கு நல்லா இருக்கா? கல்யாணத்துக்கு இதையே போட்டுக்கலாமான்னு பாக்கேன். வழுக்கை தெரியாதுல்லா?"

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "தள்ளுங்கப்பா, பின்னால ஆள் நிக்காங்க."

இரண்டாவது முறை, சாயங்காலம், டீயோடு போனேன். ஜெயசிங் மச்சானின் நேர்மையைப் பற்றி இரண்டு ஜோக் சொன்னேன். டீயை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது முறை போகவில்லை.

ஆபீசில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். அதிகாரி திட்டும்போதுகூட சிரிக்க வைத்துவிடுவேன். ஹெப்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் நான் நர்சுகளை எல்லாம் சிரிக்க வைத்தேன். அப்போதும் பியூலா சிரிக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில்

ரோஸ்லின் பேசினாள். நாங்கள் இரண்டு பேரும் இதுவரை ஆறேழு முறைதான் பேசியிருக்கிறோம். அதிகமும் பந்தல், சாப்பாடு. என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறாள். ஸ்டாஃப் ரூம் பழக்கம்.

"சார், பிள்ளைக்கு ஜலதோஷமா? குரல் கம்மியிருந்துச்சே."

"நீங்க கேட்டீங்களா?"

"அண்ணன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். பனியில ஜன்னல் ஓரமா உக்காந்திருக்காளோ?"

இருந்த ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"அவ வேண்டாம்னா விட்டுருவோம் சார். ஒரு பிள்ளை முகத்தத் தூக்கி வச்சிருக்கிற வீட்டுக்குள்ள வந்து என்னால குடியிருக்க முடியாது. என்ன, பள்ளிக்கூடம் முழுக்கப் பத்திரிகை குடுத்தாச்சு. எட்டாங்கிளாஸ் பயலுவ நான் போர்டுல எழுதும்போது பின்னாலருந்து 'மணப்பெண்ணே'ன்னு கூப்பிடுதானுவ. ஜனவரியில திரும்பிப் போயி அவனுவ முன்னால நிக்கணும். அது ஒண்ணுதான் யோசனையா இருக்கு."

நான் ஏதாவது தமாஷாகச் சொல்லியிருக்க வேண்டும். "சிக்னல் சரியா இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

டிசம்பர் 23, செவ்வாய். சென்னை

ரயில் இதற்குமேல் போகாது. தாமதம் எல்லை மீறிப் போனதால் இங்கேயே நிறுத்திவிட்டார்கள். தெற்கே போகிற ரயில் ஒன்றிலும் நிற்கக்கூட இடம் இல்லை. கிறிஸ்துமஸ், அரையாண்டு லீவு, சபரிமலை எல்லாம் ஒன்றாக ஊருக்குக் கிளம்பியிருக்கின்றன.

தமயந்தி அக்கா விடைபெற்றார். ஒரு டவேரா வண்டியில் எட்டுப் பேரோடு மதுரை வரை போகிறாராம். பியூலாவின் கன்னத்தைத் தடவி அவள் காதில் ஏதோ சொன்னார். என்னிடம், "மாப்பிள்ள, வரட்டா?" என்றார். அவர் வீட்டுக்காரரை முதல்முறையாக முழு உருவத்தில் பார்த்தேன். நல்ல உயரம். என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அனுதாபமா வாழ்த்தா என்று தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் மத்தியானம் முழுவதும் அலைந்தோம். கடைசியாக ஒரு பஸ்ஸில் கடைசி வரிசையில் இரண்டு இடம் கிடைத்தது. டயருக்கு மேலே. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நாங்கள் பரலோகத்துக்குப் போய்த் திரும்பினோம். கோட்டுப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஐயப்ப சாமி, "என்ன சாமி, இவ்வளவு பத்திரமா?" என்று கேட்டார். மூன்று நாளாகப் பொய் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன்.

"கல்யாணக் கோட்டு சாமி. எனக்குத்தான் கல்யாணம். நடக்குமான்னு தெரியல."

"சாமி சரணம்" என்றார் அவர். வேறு என்ன சொல்வார்?

விழுப்புரம் தாண்டியதும் பியூலா தூங்கி என் தோளில் சாய்ந்தாள். தூக்கத்தில் எந்தத் தடையும் இல்லை. கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை.

டிசம்பர் 24, புதன். பாளையங்கோட்டை

அக்கா வீடு. அக்கா வாசலிலேயே பியூலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க? அன்னைக்கு என்கிட்ட சரின்னுதான சொன்ன?"

"நீங்க தகவல் சொன்னீங்க அத்தை. அதுக்குச் சரின்னேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவசரமாகக் குளிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீடு முழுவதும் முந்திரிக்கொத்து வாசனை. தெருவில் பாட்டுக் கோஷ்டி வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடக்காரர் என்னைப் பார்த்ததும் முகமூடிக்குள்ளிருந்து, "என்னவே சிகாமணி, கல்யாணம் உண்டா இல்லையாவே?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஜெயசிங் மச்சானின் நேர்மை ரயிலைவிட வேகமாக வந்து சேர்ந்துவிட்டது.

டிசம்பர் 25, வியாழன். கிருபாபுரம்

இருட்டோடு கிளம்பி ஐந்து மணி ஆராதனைக்கு வந்துவிட்டோம். கோயில் நிறையப் புதுத்துணி வாசனை. தோரணம், சீரியல் விளக்கு. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள், மெரூன் புடவை. திரும்பிப் பார்க்கவில்லை. பியூலா அவளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் வேறு இடம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். பிரசங்கத்தில் ஐயர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் நான் தொலைந்தேன்.

ஆராதனை முடிந்து வெஸ்ட்ரி. சின்ன அறை. ஐயர், ஜெயசிங் மச்சான், அக்கா, நான், பியூலா. ரோஸ்லின் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஐயர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வயசாளி. ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"ரயில்ல தடை சொன்ன பிள்ளை நீதானா?"

"ஆமா ஐயா."

"பயப்படாம சொல்லு பிள்ளே. என்ன தடை? அப்பாவப் பத்தி ஏதும் குறை உண்டா? டீச்சரப் பத்தி ஏதும் கேள்விப்பட்டியா?"

"அவங்களப் பத்தி ஒண்ணும் இல்லங்கய்யா. நல்லவங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"பின்ன?"

"ஊர்ல எல்லாரையும் தடை உண்டான்னு கேக்கறீங்க. தெரியாத ஆளையெல்லாம் மூணு வாரம் கேக்கறீங்க. வீட்டுக்குள்ள இருக்கிற என்ன யாருமே கேக்கல."

ஐயர் தாடையைச் சொறிந்தார். "நியாயம். சரி, இப்ப நான் கேக்கேன். உனக்குச் சம்மதமா?"

"நீங்க கேட்டு என்னங்கய்யா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயசிங் மச்சான் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நின்றுகொண்டார், காதில் ஒன்றும் தப்பிவிடக் கூடாதே என்று.

எனக்கு ஜோக் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நாக்கு நுனியில் வந்து நின்றது. கோட்டைப் பற்றி, தொளதொள இடுப்பைப் பற்றி. பியூலாவின் முகத்தைப் பார்த்தேன். அது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவள் முன்கூட்டியே முகத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தாள், மழைக்கு முன்னால் ஜன்னலைச் சாத்துவது போல. எத்தனை வருடமாக இப்படிச் சாத்தி வைத்திருக்கிறாளோ.

"பியூலா," என்றேன். "வீட்ல நீயும் நானும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அழுறோம். எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. அப்பா இவங்களக் கல்யாணம் பண்ணிக்கட்டுமா? நீ வேண்டாம்னா வேண்டாம்."

வெளியே யாரோ பையன்கள் வெடி போட்டார்கள்.

"அம்மாட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்ப?"

"கிளம்புறதுக்கு முந்தின நாள், சாயங்காலம். ஆபீஸ்லருந்து நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்." அதை நான் இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"சரின்னும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. உன்ன மாதிரிதான்."

இது ஜோக் இல்லை. ஆனால் பியூலா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. அக்கா கிட்டே போகப் பார்த்தாள். ஐயர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் போகலாமா கூடாதா என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஓரெட்டுத் தூரம்.

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அவள் ஐயரைப் பார்த்தாள். "தடை இல்லங்கய்யா."

"முழு மனசோடயா?"

"முழுசா இல்ல. முக்கால்வாசி இருக்கும். மிச்சம் வர்றப்ப வரும்."

ஐயர் யோசித்தார். "முழு மனசு கட்டாயம்னு எங்கயும் சட்டம் போடல" என்று சொல்லிவிட்டு, மச்சானைப் பார்த்து, "என்ன ஜெயசிங், போதுமா?" என்று கேட்டார். மச்சான் யோசித்துத்தான் தலையாட்டினார்.

பியூலா என் பக்கம் வராமல் நேரே வெளியே போனாள். வேப்பமரத்தடியில் ரோஸ்லின் நின்றிருந்தாள், கையில் தூக்குவாளியோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. பியூலா அவள் முன்னால் போய் நின்றாள். ரோஸ்லின் ஏதோ கேட்டாள். பியூலா ஏதோ சொன்னாள். அதற்கு ரோஸ்லின் இல்லை என்று தலையாட்டினாள். பியூலா கையை நீட்டி நீட்டி என்னவோ விளக்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெஸ்ட்ரிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

ஜெயசிங் மச்சான் என் தோளருகே வந்து நின்றார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாப்பிள்ளை, என்ன பேசுதாவன்னு நான் போய்க் கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம் மச்சான். நீங்க இதுவரைக்கும் கேட்டதே போதும்."

விடிந்து வெயில் ஏறிவிட்டது. இந்தப் பக்கத்தை வெஸ்ட்ரிப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.